யார் வீட்டுப் புகை, யார் தலையில் சுமை?

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரிய ஊழியர் வந்து மீட்டரைப் பார்த்துக் குறித்துவிட்டுப் போகிறார். இரண்டு மின்விசிறி, நாலைந்து விளக்கு, ஒரு டி.வி., ஒரு மிக்ஸி என்று ஓடுகிற வீட்டில் அந்த எண் 150 யூனிட்டை ஒட்டி நிற்கும். அறைக்கு அறை ஏசி, குளியலறைக்குக் குளியலறை ஹீட்டர், இரண்டு பெரிய ஃப்ரிட்ஜ் என்று இருக்கிற வீட்டில் அது 2,000 யூனிட்டைத் தொடுவது அதிசயமில்லை. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. அதன்படி முதல் வீட்டின் இரண்டு மாத உமிழ்வு சுமார் 105 கிலோ. இரண்டாவது வீட்டின் உமிழ்வு 1,400 கிலோ.

முதல் 100 யூனிட் மட்டும் இரண்டு வீட்டுக்கும் இலவசம். 2016 மே மாதம் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா அறிவித்த சலுகை அது. வருமானம் எவ்வளவு, பயன்பாடு எவ்வளவு என்ற வரம்பு எதுவும் அப்போது வைக்கப்படவில்லை. ஓட்டு வீட்டுக்கு என்ன உண்டோ, கடற்கரைச் சாலை பங்களாவுக்கும் அதுவே உண்டு.

காலநிலை மாற்றம் பற்றிய நம் பேச்சிலும் இதே கோளாறு இருக்கிறது. ‘மனிதகுலம் பூமியைச் சூடாக்கிவிட்டது’ என்கிறோம். ‘இந்தியாவின் உமிழ்வு இவ்வளவு’ என்கிறோம். எந்த வீடு எவ்வளவு என்று கேட்பதில்லை. கேட்காமல் போடப்படும் எந்தத் திட்டமும் நியாயமாக இருக்க முடியாது. நியாயமில்லாத திட்டம் நிலைக்கவும் நிலைக்காது. இரண்டாவது செய்தியைப் பிரான்ஸ் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

சராசரிக்குப் பின்னால்

இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்களில் இந்தியர்கள் முன்வரிசைக்காரர்கள். 1990இல் வாஷிங்டனைச் சேர்ந்த உலக வளங்கள் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, புவி வெப்பமாதலுக்குக் காரணமான நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் முன்னே நிறுத்தியது. மறு ஆண்டே டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலில் அதற்குப் பதில் சொன்னார்கள். ஏழை விவசாயியின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனையும், வசதியானவரின் கார் கக்கும் புகையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒன்று பிழைப்புக்கான உமிழ்வு, மற்றது சொகுசுக்கான உமிழ்வு என்றார்கள். அந்த வாதத்துக்கு இரண்டு பாதி உண்டு. பணக்கார நாடு, ஏழை நாடு என்பது முதல் பாதி. பணக்கார வீடு, ஏழை வீடு என்பது இரண்டாம் பாதி. முதல் பாதியை ஒவ்வொரு உலக மாநாட்டுக்கும் தவறாமல் எடுத்துச்சென்ற நம் அரசுகள், இரண்டாம் பாதியை உள்நாட்டுக் கொள்கையாக்க முன்வரவில்லை.

2007இல் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு பெருநகரங்களிலும் சிற்றூர்களிலுமாக 819 குடும்பங்களிடம் நேரில் விசாரித்தது. மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள், 3,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பவர்களைப் போல நாலரை மடங்கு உமிழ்வதாகத் தெரியவந்தது. கோடிக்கணக்கான ஏழைகளின் குறைந்த உமிழ்வுக்குப் பின்னால் வசதியான இந்தியர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று அந்த அறிக்கை வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது.

819 குடும்பங்கள் போதாது என்று அன்று சொல்ல முடிந்தது. இன்று அப்படிச் சொல்ல இடமில்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களின் செலவை மாவட்டவாரியாக ஆராய்ந்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. சராசரி இந்தியரின் கார்பன் தடம் ஆண்டுக்கு 0.56 டன். குறைவாகச் செலவு செய்யும் வீடுகளில் அது 0.19 டன்; அதிகமாகச் செலவு செய்யும் வீடுகளில் 1.32 டன். வித்தியாசம் ஏழு மடங்கு. அந்த ஆய்வின் இன்னொரு முடிவு நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டியது: கடும் வறுமையில் இருக்கும் எல்லோரையும் கைதூக்கி விட்டாலும், இந்தியக் குடும்பங்களின் மொத்த உமிழ்வு கூடப்போவது சுமார் 2 விழுக்காடுதான். ஏழைகள் முன்னேறினால் பூமி தாங்காது என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

2022இன் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை வேறோர் எண் தருகிறது. அதன்படி இந்தியரின் சராசரி 2 டன்னுக்குச் சற்று மேல். கீழ்ப் பாதி மக்களுக்குத் தலைக்கு 1 டன், நடுவில் உள்ள 40 விழுக்காட்டினருக்கு 2 டன், மேலே உள்ள 10 விழுக்காட்டினருக்கு ஏறக்குறைய 9 டன். உச்சியில் உள்ள 1 விழுக்காட்டினர் தலைக்கு 32 டன். இரண்டு ஆய்வும் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்று வாசகர் கேட்பது நியாயம். முதல் ஆய்வு, வீட்டார் வாங்குகிற பொருளுக்கும் எரிக்கிற எரிபொருளுக்கும் உரிய கரியமில வாயுவை மட்டும் எண்ணியது. கணக்கெடுக்கும் ஊழியர் பெரிய பங்களாக்களின் கேட்டைத் தாண்டி உள்ளே போவதும் அபூர்வம். இரண்டாவது கணக்கு மீத்தேன் முதலான மற்ற வாயுக்களையும் சேர்த்துக்கொண்டது. அரசின் செலவையும், முதலீட்டால் விளையும் உமிழ்வையும் சேர்த்துக்கொண்டது.

இந்த ‘முதலீடு’ என்ற இடத்தில்தான் விஷயம் ஆழமாகிறது. அந்த அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரான பொருளியலாளர் லூக்கா சான்செல் கணக்கிட்டபடி, உலகின் உச்சி 1 விழுக்காட்டினரின் உமிழ்வில் 70 விழுக்காட்டுக்கு மேல் அவர்களுடைய முதலீடுகளிலிருந்து வருகிறது. அவர்களுடைய ஏசியும் காரும் கண்ணுக்குத் தெரிகின்றன. பெரிய புகை, அவர்கள் பங்கு வைத்திருக்கும் சிமென்ட் ஆலையிலும் அனல் மின் நிலையத்திலும் எழுகிறது. பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் மட்டும் வரி போட்டு நிறுத்திக்கொள்கிற கொள்கை, அந்த 70 விழுக்காட்டைத் தொடாமலேயே விட்டுவிடுகிறது.

உலக அளவிலும் இதே சித்திரம்தான். 2019இல் உலக மக்களில் மேல் 10 விழுக்காட்டினரின் பங்கு மொத்த உமிழ்வில் 48 விழுக்காடு. கீழ்ப் பாதியின் பங்கு 12 விழுக்காடு. நாட்டுக்கு இவ்வளவு என்று இலக்கு வைக்காமல், எந்த நாட்டில் எத்தனை அதிக உமிழ்வாளர்கள் இருக்கிறார்களோ அதைப் பொறுத்து இலக்கு வையுங்கள் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர் குழு 2009இலேயே யோசனை சொன்னது. அந்தக் கணக்கில் மும்பை தொழிலதிபரும் டெக்சாஸ் தொழிலதிபரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அதனால்தானோ என்னவோ, எந்த அரசும் அதைக் கையில் எடுக்கவில்லை.

ஸ்கூட்டருக்கு வரி, வானத்துக்கு விலக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு நாளைக்கு 40 கிலோமீட்டர் போய் வருகிற தொழிலாளியின் இருசக்கர வாகனம், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால், ஆண்டுக்குச் சுமார் அரை டன் கரியமில வாயுவை வெளியிடும். சென்னையிலிருந்து லண்டனுக்குச் சாதாரண வகுப்பில் ஒருவர் ஒரே ஒருமுறை போய் வந்தாலே ஒரு டன்னைத் தாண்டிவிடும். பிசினஸ் வகுப்பு என்றால், இருக்கை பிடிக்கும் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய மூன்று மடங்கு.

அந்தத் தொழிலாளி போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் மத்திய அரசின் கலால் வரி இருக்கிறது. மாநில அரசின் வாட் வரி இருக்கிறது. நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61 விழுக்காடு இருசக்கர வாகனங்களுக்கே போவதாகப் பெட்ரோலிய அமைச்சகத்துக்காக 2013-14இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு சொன்னது. ஆனால் நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தில் நிரப்பும் எரிபொருளுக்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் வரி இல்லை. நாடுகளுக்கிடையிலான பழைய விமான ஒப்பந்தங்கள் அதற்கு விலக்கு அளித்திருக்கின்றன. 2018இல் உலக மக்களில் விமானம் ஏறியவர்கள் சுமார் 11 விழுக்காட்டினர். பயணிகள் விமானங்களின் உமிழ்வில் பாதிக்கு உலக மக்களில் 1 விழுக்காட்டினரே பொறுப்பு. பிழைப்புக்கு ஓடுகிற வண்டிக்கு வரி, சொகுசுக்குப் பறக்கிற வண்டிக்கு விலக்கு என்ற இந்த ஏற்பாட்டை மாற்றாமல், ‘எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்று சொல்ல எந்த அரசுக்கும் தகுதி கிடையாது.

2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றப்பட்டபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். சிறிய இருசக்கர வாகனங்களுக்கான வரி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது, அது வரவேற்கத்தக்கது. பிசினஸ் வகுப்பு விமான டிக்கெட்டுக்கு 12இலிருந்து 18 விழுக்காடாகக் கூடியது, அதுவும் சரியே. அதே மூச்சில், பெரிய எஸ்.யு.வி. கார்கள் மீதான 50 விழுக்காட்டு மொத்த வரி 40 விழுக்காடாக இறங்கியது. மிகப் பெரிய காருக்குச் சலுகை கொடுத்த அந்த முடிவைக் காலநிலை என்ற கோணத்தில் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

பாரிஸ் தெருக்கள் சொன்னது

கார்பனுக்கு வரி போடுவதே தவறு என்பது என் வாதம் அல்ல. நிலக்கரியும் பெட்ரோலும் மலிவாக இருக்கும்வரை அவற்றின் பயன்பாடு குறையாது. ஆனால் யாரிடம் வாங்குகிறோம், வாங்கியதை என்ன செய்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

பிரான்ஸில் 2014இல் டன்னுக்கு 7 யூரோவாகத் தொடங்கிய கார்பன் வரி, 2018இல் 44.60 யூரோவுக்கு வந்து நின்றது. அடுத்த ஆண்டு 55 ஆக வேண்டும் என்பது திட்டம். அதே 2018இல்தான் அதிபர் மக்ரோன் பெரும் சொத்துக்களின் மீதான வரியை நீக்கி, வீடு, நிலத்துக்கு மட்டும் சுருக்கினார். பங்கும் பத்திரமும் வைத்திருப்பவருக்கு விடுதலை. பேருந்து இல்லாத ஊரிலிருந்து பழைய டீசல் காரில் வேலைக்குப் போகிறவருக்குக் கூடுதல் வரி. நவம்பர் 17 அன்று நாடெங்கும் சுமார் 2.9 லட்சம் பேர், ஒவ்வொரு வாகனத்திலும் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய மஞ்சள் மேல்சட்டையை அணிந்து சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். டிசம்பரில் அரசு பின்வாங்கியது. வரி 44.60 யூரோவிலேயே உறைந்துபோனது. அந்த மக்களைச் சூழலின் எதிரிகள் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் எதிர்த்தது, மேலே இருப்பவருக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டுக் கீழே இருப்பவரிடம் வசூலித்ததை.

கனடா இன்னும் கவனமாகத்தான் தொடங்கியது. 2019இல் டன்னுக்கு 20 கனடிய டாலர் என்று ஆரம்பித்து 2024இல் 80 டாலர் வரை போனது. வசூலில் 90 விழுக்காட்டைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான குடும்பங்கள், குறிப்பாக வருமானம் குறைந்தவை, கட்டியதைவிட அதிகமாகவே திரும்பப் பெற்றன. ஆனாலும் 2025 ஏப்ரல் 1 அன்று, புதிதாகப் பதவியேற்ற பிரதமர் மார்க் கார்னி மக்கள் மீதான அந்தக் கட்டணத்தைப் பூஜ்யமாக்கினார். தேர்தலில் அதை வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் விலை தினமும் கண்ணில் படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகை எதற்கானது என்று பலருக்குத் தெரியவே இல்லை. வங்கிக் குறிப்பில் அதன் பெயர்கூடத் தெளிவாக இல்லை. திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, கொடுத்தது கைக்குத் தெரிய வேண்டும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட நாடு ஈரான். 2010 டிசம்பரில் அங்கே பெட்ரோல், டீசல், எரிவாயு விலை ஒரே இரவில் பல மடங்கு உயர்த்தப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பே நபருக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கில் பணம் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் போடப்பட்டிருந்தது. விலை ஏறிய அன்று அதை எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். பின்னாளில் பணவீக்கம் அந்தத் தொகையைக் கரைத்தது வேறு கதை. ஆனால் அந்த இரவில் பெரிய கலவரம் இல்லை. முதலில் கையில் பணம், பிறகு விலை உயர்வு என்ற அந்த வரிசை முக்கியம்.

நிலக்கரிப் பணம் எங்கே?

இந்தியாவிலும் ஒரு கார்பன் வரி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2010 பட்ஜெட்டில் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் வரி என்று தொடங்கி, 2016இல் 400 ரூபாயாக உயர்ந்தது. மின்கட்டணம் வழியாக அதைக் கட்டியவர்கள் நாம்தான். 2017-18 வரை சுமார் 86,000 கோடி ரூபாய் வசூலானது. அதற்கென்றே உருவாக்கிய தேசிய தூய ஆற்றல் நிதியத்துக்குப் போனது சுமார் 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது ஏறக்குறைய 16,000 கோடி. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டது, நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி. 5இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தாலும் மொத்த வரிச்சுமை குறையவே செய்தது. 15 ஆண்டுகள் நாடே கட்டிய ஒரு வரியால் தன் வீட்டுக்கு இன்னது கிடைத்தது என்று சொல்லக்கூடிய ஓர் ஏழைக் குடும்பம் இருக்குமா?

சமையல் எரிவாயுவில் நடந்தது கலவையான பாடம். 2015இல் மானியத்தைத் தாமாக விட்டுக்கொடுக்கச் சொன்னபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். 2016 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் வரிக்குரிய வருமானம் உள்ளவர்களுக்கு மானியம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் உஜ்வலா திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். மேலே எடுத்துக் கீழே கொடுப்பது நம் நாட்டில் நடக்காத காரியமல்ல என்று அது காட்டியது. ஆனால் இணைப்பைக் கொடுத்துவிட்டு சிலிண்டர் விலையை ஏறவிட்டதில், உஜ்வலா வீடுகள் ஆண்டுக்கு நான்கு சிலிண்டரை ஒட்டியே வாங்குகின்றன. மீதி நாளுக்கு விறகு அடுப்பு. அதன் புகை அந்தப் பெண்ணின் நுரையீரலுக்கு.

புகை எங்கே போகிறது என்பதும் வருமானத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சென்னையில் 2,000 யூனிட் ஓடும் வீட்டின் மாடியில் கரித்தூள் விழுவதில்லை. அது விழுவது எண்ணூரில். வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்ததும், இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த காட்டுக்குப்பம் போன்ற மீனவக் கிராமங்கள் வலையில் சேற்றை இழுத்ததும் நெடுநாள் கதை. வெயில் ஏறும்போது ஏசி இல்லாமல், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே படுப்பவர்களும் அவர்களே. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளுக்குள் அடங்கும் என்று அதே ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. ஷீட் வீட்டுக்குள் வரவில்லை.

என்ன செய்யலாம்

100 யூனிட் இலவசத்தை ஏழை வீட்டிலிருந்து பறிக்கக் கூடாது. உயர்ந்த பயன்பாட்டுக்காரரிடம் தொடரவும் கூடாது. ஆனால் 500 யூனிட்டுக்கு மேல் போனால் இலவசம் இல்லை என்று ஒரே கோட்டைக் கிழித்தால் அடிபடுவது பணக்காரர் மட்டுமல்ல. ஒரே மீட்டரில் பத்துப் பேர் வாழும் கூட்டுக் குடும்பம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தன் இஷ்டத்துக்கு வசூலிக்கும் வாடகைக் குடித்தனங்கள் இருக்கின்றன. அரசின் 100 யூனிட் இலவசம் அந்தக் குடித்தனக்காரர் கைக்கு இன்றும் போய்ச் சேருவதில்லை. எனவே ரேஷன் கார்டில் உள்ள தலைகளின் எண்ணிக்கையோடு மின் இணைப்பைப் பொருத்தி, தலைக்கு இவ்வளவு என்று வரம்பு வைப்பதே சரி. வாடகைதாரருக்குத் தனி மீட்டர் கட்டாயமாக்கப்பட வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஷீட் வீடுகளுக்கு வெப்பம் தடுக்கும் கூரையும், நகரங்களுக்குப் பேருந்தும் கொடுக்கலாம்.

பேருந்து என்று அழுத்திச் சொல்கிறேன். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைக் காலநிலைத் திட்டம் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட திட்டத்துக்கு வேண்டிய நல்ல அம்சம் அதில் இருக்கிறது: குறைந்த புகை, ஏழைக்கு நேரடி மிச்சம், அன்றாடம் கண்ணுக்குத் தெரியும் பலன். மாதம் 800 ரூபாய்க்கு மேல் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் பெண்கள் சொன்னார்கள். பேருந்துகளின் எண்ணிக்கையைப் பெருக்காமல் இலவசத்தை மட்டும் கொடுத்தால் கூட்ட நெரிசல்தான் மிஞ்சும். கூடுதல் பேருந்துகளுக்கான பணத்தைப் பெரிய கார்களிடமிருந்தும் உயர் வகுப்பு விமான டிக்கெட்டுகளிலிருந்தும் எடுக்க வேண்டும். உச்சி 1 விழுக்காட்டினரின் சொத்து மீது, அந்தச் சொத்து எவ்வளவு புகையில் முதலீடு செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்து வரி போடுவது அடுத்த படி. கடினமான வேலைதான். பான் எண்ணும் டீமேட் கணக்கும் உள்ள நாட்டில் அது முடியாத வேலை அல்ல.

யார் பணக்காரர் என்ற கேள்வியில் நம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதம் 25,000 ரூபாய் சம்பாதித்தாலே இந்தியாவில் ஊதியம் பெறுவோரில் மேல் 10 விழுக்காட்டுக்குள் வந்துவிடலாம் என்று பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காக 2022இல் தயாரான அறிக்கை சொல்கிறது. இந்த இதழை வாங்கிப் படிப்பவர்களில் பலர் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள். 32 டன் உமிழ்பவருக்கும் நமக்கும் ஒரே சுமை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ‘நாங்கள் நடுத்தர வர்க்கம், எங்களைத் தொடாதீர்கள்’ என்று ஒதுங்கிக்கொள்ளவும் நம்மால் முடியாது. இனி ‘சுற்றுச்சூழலுக்காக’ என்று சொல்லி ஒரு வரியோ கட்டண உயர்வோ வரும்போது, அது மேலிருந்து தொடங்குகிறதா, வசூலான பணம் எந்த வீட்டுக்கு எந்த மாதம் திரும்பிப் போகும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வரிக்கு உங்கள் ஆதரவைக் கொடுக்காதீர்கள்.